ரிவர்ஸ் இல்லாத வண்டி

எடிசன், நியூ ஜெர்சி
7 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

வேங்கடேஷின் நமஸ்காரம். நானும் விஷ்ணுப்ரியாவும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் செய்தால் "கேக்கறதா, கேக்கறதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கூட்டமெல்லாம் ஒரே வண்டியைச் சுற்றித்தான். எட்டிப் பார்த்தால் நம் வண்டி! அதே முட்டை உருவம், மூன்று சக்கரம், மூக்கில் ஒரே கதவு, கதவைத் திறந்தால் கூடவே வெளியே வரும் ஸ்டீயரிங். எங்கள் அப்பா சித்தூரில் முப்பது வருஷமாக இதைத்தான் ஓட்டுகிறார் என்று அந்த வண்டியின் சொந்தக்காரரிடம் சொன்னேன். நம்பவில்லை. ரிவர்ஸ் கியர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரிவர்ஸ் இல்லாதவை உலகத்தில் மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றனவாம்.

பெங்களூரில் இந்த மாதிரி வண்டிகளைச் சேகரிக்கும் காபித் தோட்டக்காரர் ஒருவரின் விலாசம் கொடுத்தார். அவருக்கு எழுதிவிட்டேன். நல்ல விலை கொடுப்பார் போலிருக்கிறது. என்ஜின் ஓடுகிறதா, கண்ணாடி, கூரை, ஹார்ன் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுது. அப்பாவிடம் பேச்சை நீயே தொடங்கு. என்னைவிட நீ சொன்னால் கேட்பார்.

அப்பா சௌக்கியந்தானே?

உன் தம்பி,
வேங்கடேஷ்

•

திருப்பதி
29 மே 1995

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு ஆசீர்வாதம்.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அப்பாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. எழுபத்தாறு வயதுக்கு அது போதும்.

கேட்டவற்றுக்குப் பதில்: என்ஜின் ஓடுகிறது. கண்ணாடி உடையவில்லை. கான்வாஸ் கூரை ஓரத்தில் கிழிந்திருக்கிறது. ஹார்ன் தெருக்கோடி வரை கேட்கும்.

அபூர்வம் என்பதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அதைக் கொண்டுவந்த இங்கிலாந்து நர்ஸிடம் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும் இருந்தது. ரிவர்ஸ் இல்லாத மூன்று சக்கர வண்டி அவர்கள் ஊர்ச் சட்டப்படி மோட்டார் சைக்கிள். ஊருக்குத் திரும்பும்போது மறுபடி கப்பலில் ஏற்ற மனமில்லாமல் அப்பாவுக்கு விற்றாள். மற்ற சிரமமெல்லாம் அம்மாவுக்கு. மூக்கு சுவரைப் பார்க்க ஷெட்டில் நுழைந்தால் கதவைத் திறக்க முடியாது. அதனால் வண்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, அம்மா இறங்கி முன்னாலிருந்து தள்ளுவாள். அவளுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று அப்பா ஷெட்டின் தரையைப் பின்சுவர்ப் பக்கம் சரிவாகப் போட்டுக்கொடுத்தார். உனக்கு இது நினைவிருக்குமோ என்னவோ, நீ உள்ளே உட்கார்ந்திருப்பாய்.

அம்மா போன இந்த இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை நான் பஸ்ஸில் போய்த் தள்ளுகிறேன். மற்ற நாளில் பின்பக்கத்து மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து ஏகாம்பரம் வருவான். பாய்லரில் வேலை பார்ப்பவன். "முட்டையைக் கையால தொடாத சாமி, முட்டைக்குள்ளயே குந்திக்கினு ஊரைச் சுத்தறாரு" என்று தள்ளும்போதெல்லாம் சொல்கிறான். "முட்டை இல்லடா, மாங்காய்" என்கிறார் அப்பா. இந்த மாம்பழ சீசனில் அவனுக்கு ஓயாத ஷிப்ட்.

இனி என் செய்தி. நம் மலைகளிலிருந்து நூறு வருஷத்துக்கு முன் பறித்துப் போன செடிகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் காய்ந்த நிலையில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து எழுதப் பத்து மாதத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். ஜனவரியில் சேர வேண்டும். நவம்பர் முதல் வாரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். எனக்கு நாற்பத்தெட்டு வயது, இன்னொரு முறை அழைக்க மாட்டார்கள். அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் போக மாட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பத்து மாதம் அவர் உங்களோடு இருக்க முடியுமா? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் எழுது.

விஷ்ணுப்ரியாவை விசாரித்ததாகச் சொல்.

யதுகிரி

•

எடிசன்
2 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

இங்கே நல்ல வெயில். விஷ்ணுப்ரியா புளிக்காய்ச்சல் செய்தாள், அம்மா கைமணம் வரவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பெங்களூர்க்காரர் பதில் போட்டுவிட்டார். ஏக ஆர்வம். நான்கு பக்கமும் போட்டோ வேண்டுமாம். முக்கியமாக ஒன்று: யாரும் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது. துரு இருந்தால் துருவோடு, கிழிசல் இருந்தால் கிழிசலோடு வேண்டுமாம். அந்த நர்ஸ் விற்றபோது கொடுத்த காகிதங்கள் அப்பாவிடம் இருக்கும், கேட்டுப் பார். என்ஜின் நம்பர் பின் மூடியைத் திறந்தால் இடதுபக்கம் இருக்குமாம். கூடிய சீக்கிரம் வேண்டும் அக்கா, தள்ளிப்போடாதே.

ஸ்காட்லாந்து விஷயம் ரொம்ப சந்தோஷம். நம் வீட்டில் முதலில் வெளிநாடு போயிருக்க வேண்டியவள் நீதான். அப்பா விஷயமாக நானும் விஷ்ணுப்ரியாவும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கடிதத்தில் விவரமாக.

வேங்கடேஷ்

•

திருப்பதி
24 ஜூலை 1995

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு ஆசீர்வாதம். உங்கள் இருவரின் நலம் விழைகிறேன்.

போட்டோக்கள் இத்துடன். முன்கதவில் ஒரு நசுங்கல் தெரியும். புதியது, ஷெட் சுவரில் பட்டது. அப்பாவுக்கு இடுப்பில் பிடிப்பு. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுச் சித்தூரில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன்.

விற்கும் பேச்சைத் தொடங்கினேன். அப்பா பேப்பரை மடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் கேக்கறா?"

"பெங்களூர்க்காரர். பத்திரமா வச்சுப்பாராம்."

"ஓட்டுவானா?"

"ஓட்ட மாட்டார். நிறுத்தி வச்சுப் பார்ப்பார்."

"ஓட்டாம நிறுத்தி வைக்கறதுக்கு எதுக்குப் பெங்களூர்? அதை நானே பண்ணுவேனே."

அப்புறம் பேப்பரில் விட்ட இடத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். இந்த இரண்டு வாரமாக அவர் வண்டியை எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாவி ஆணியில் தொங்குகிறது. காகிதங்களைக் கேட்டேன், தேட வேண்டும் என்றார். எதையும் தேட வேண்டிய நிலையில் வைப்பவர் அல்ல அவர். முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தவர்.

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தது முடிந்ததா?

யதுகிரி

•

கொலம்பஸ், ஒஹையோ
3 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்கா,

நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். முகவரி மாறியிருக்கிறது, குறித்துக்கொள். இங்கே ஒரு நண்பனோடு தங்கியிருக்கிறேன். விஷ்ணுப்ரியா ஒரு மாறுதலுக்காகக் கலிபோர்னியாவில் அவள் அண்ணா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சௌக்கியம்.

போட்டோக்களைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன். நவம்பரில் நேரிலேயே வருவார். அந்த நசுங்கலைத் தட்டி எடுக்க முடியுமா? தெரிந்த மெக்கானிக்கிடம் கேள். அப்பா சரி என்று சொல்லிவிட்டால் அவர் அன்றே முடித்துவிடுவார். எனக்கும் இப்போது அது முடிந்தால் நல்லது.

அப்பா வருவது பற்றி: இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம் அக்கா. ஜனவரியில் பனி முழங்கால் வரை இருக்கும். அவர் வெளியே காலை வைக்க முடியாது. இன்ஷூரன்ஸ் வேறு. அடுத்த வருஷம் என்றால் நிச்சயம். உன் பயணத்தை அவர்கள் ஒரு வருஷம் தள்ளிவைக்க மாட்டார்களா?

இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

வேங்கடேஷ்

•

திருப்பதி
20 செப்டம்பர் 1995

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு,

ஆசீர்வாதம். தள்ளிவைக்க மாட்டார்கள். கேட்டுப் பார்த்தேன்.

நசுங்கலைத் தட்டி எடுக்கப் போவதில்லை. அது எப்படி வந்தது என்று போன கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் "எடின்பரோ போகாதே" என்று நீ சொல்ல வேண்டிவரும். அதை நீ சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

ஜூலை தொடக்கத்தில் ஒரு வேலைநாள். அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. ஏகாம்பரம் ஷிப்டில் இருந்தான். வரும்போது யாராவது தள்ள அகப்படுவார்கள் என்று வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். திரும்பும் வழியில் பெருமழை. கிழிந்த கூரை வழியாகத் தலையில் தண்ணீர் கொட்டுகிறது. தெருவில் ஆள் இல்லை. மழை நிற்கும்வரை என்று நேராக ஷெட்டுக்குள் விட்டிருக்கிறார். அம்மாவுக்காகப் போட்ட சரிவில், நனைந்த பிரேக் பிடிக்காமல், வண்டி தானே உருண்டு, சுவரில் மோதி நின்றது. கதவு திறக்கவில்லை. பின்னால் எடுக்க கியர் இல்லை. கூரை வழியாக ஏறப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மதியம் உள்ளே போனவர் விளக்கு வைக்கும் நேரம் வரை அப்படியே இருந்திருக்கிறார். ஷிப்ட் முடிந்து மாம்பழம் கொடுக்க வந்த ஏகாம்பரந்தான் பார்த்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமி, உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"உக்காந்துண்டிருக்கேன்."

"ஆரன் அடிச்சிருந்தா ஓடியாந்திருப்பேனே! சொவத்துக்கு அந்தாண்ட தானே இருந்தேன்."

"அடிச்சா ஆலையே திரண்டு வந்து வேடிக்கை பார்க்கும்."

ஹார்ன் நன்றாக வேலை செய்கிறது என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். ஆலையின் ஈக்கும் நாற்றத்துக்கும் எதிராக அப்பா பதினைந்து வருஷமாக நகராட்சிக்கு மனுப் போட்டுவருகிறார். அந்த ஆலை ஆட்கள் முன் அப்படி அகப்பட்டுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "நான் சொன்னேன்னு சாமி கிட்ட சொல்லிடாத டீச்சரம்மா" என்று ஏகாம்பரம் கேட்டுக்கொண்டான். நானும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வர இயலாது என்று எடின்பரோவுக்கு எழுதி வைத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் தபாலில் சேர்ப்பேன்.

நான்கு மாதத்துக்குள் உன் ஊர் மாறியிருக்கிறது, விஷ்ணுப்ரியா ஓரிடத்திலும் நீ ஓரிடத்திலும் இருக்கிறீர்கள், உனக்கு வண்டி சீக்கிரம் விற்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தோன்றுவது தவறாக இருந்தால் சந்தோஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யதுகிரி

•

கொலம்பஸ்
4 அக்டோபர் 1995

அக்கா,

உனக்குத் தோன்றியது சரி. ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லை. அதற்கு மேல் கேட்காதே, அப்பாவுக்கும் தெரிய வேண்டாம். இங்கே ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

எடின்பரோ கடிதத்தைத் தபாலில் போடாதே. போட்டிருந்தால் வேறொன்று எழுது. அப்பாவுக்கு ஸ்காட்லாந்து விஷயத்தை இன்றே எழுதிவிட்டேன். ஷெட் விஷயம் எனக்குத் தெரியும் என்றும் எழுதிவிட்டேன். ஏகாம்பரம் பேரைச் சொல்லவில்லை. கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் தூரத்தில் இருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? நாம் சின்னவர்களாக இருந்தபோது அம்மா ஊரில் இல்லாத நாளில் வண்டியை யார் தள்ளுவார்கள்? எனக்கு ஞாபகமே வரவில்லை.

வேங்கடேஷ்

•

ஸ்ரீ:
சித்தூர்
27 அக்டோபர் 1995

சிரஞ்சீவி யதுகிரிக்கு அப்பா தோதாத்ரியின் மங்களாசாசனம். இவ்விடம் க்ஷேமம். இடுப்பு தேவலை.

ஷெட்டின் பின்சுவரைப் புதன்கிழமை இடித்தாயிற்று. அங்கே இரட்டைக் கதவு போட்டாயிற்று. இனி வண்டி தெருப் பக்கமாக உள்ளே வந்து, பின்னாலுள்ள சந்துப் பக்கமாக வெளியே போகும். கிளம்பும்போது இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மூக்குக்கு எதிரே வெறும் வெளி. இறங்கி, கதவுகளைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். சரிவில் உருளாமலிருக்கத் தரையில் ஒரு கட்டை பொருத்தியிருக்கிறது. நேற்றும் இன்றும் ஓட்டிப் பார்த்தேன். தள்ள ஆள் தேவையில்லை.

ஆகையால் சனிக்கிழமை நீ வந்தே தீர வேண்டும் என்பதில்லை. வந்தால் சாப்பாடு உண்டு.

ஸ்காட்லாந்து போவதை என்னிடம் சொல்லாமலிருந்தது சரியல்ல. போகாமலிருப்பது அதைவிடச் சரியல்ல. உன் அம்மாவின் காஷ்மீர் சால்வை பீரோவில் இருந்தது. அந்துருண்டை வாசனை போவதற்காக வெயிலில் போட்டிருக்கிறேன்.

வேங்கடேஷுக்கு உத்தியோகம் இல்லை என்று ஊகிக்கிறேன். அவன் கையெழுத்து இறங்கிப் போயிருக்கிறது. நான் ஊகித்ததை அவனுக்கு எழுதாதே.

தோதாத்ரி

•

திருப்பதி
27 நவம்பர் 1995

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு ஆசீர்வாதம்.

புது இடத்தில் ஏதாவது சொன்னார்களா? அப்பா சௌக்கியம். உன்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஷெட்டின் பின்சுவரை இடித்துக் கதவு போட்டுவிட்டார். வண்டி முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போகிறது. முப்பது வருஷத்தில் இது யாருக்கும் தோன்றாமல் போனதற்குக் காரணம் சந்து. அது ஆலைக்குச் சொந்தம். அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்க முடியாது. ஆலை முதலாளி ரங்கையாவிடம் அப்பா எதையும் கேட்க மாட்டார் என்பதால் யாரும் அதை யோசிக்கவில்லை.

அவரே நடந்து போய்க் கேட்டிருக்கிறார். தெருவைச் சுற்றிக்கொண்டு, குடையோடு. ஏகாம்பரம் பாய்லரை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.

"கூச்சோண்டி சாமி" என்று ரங்கையா நாற்காலி போட்டாராம். அப்பா உட்காரவில்லை.

"உங்க சந்து வழியா என் வண்டி போகணும். அனுமதி கேட்க வந்தேன்."

"பதினஞ்சு வருஷமா என்மேல பெட்டிஷன் போடறீங்க. இப்ப வழி கேக்கறீங்க."

"பெட்டிஷன் பெட்டிஷன்தான். அதை வாபஸ் வாங்க மாட்டேன். வழியை மட்டும் கேக்கறேன்."

ரங்கையாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். "அந்த முட்டை போறதுக்கு எவ்ளோ எடம் வேணும் சாமி? போய்க்கோங்க. ஆனா சீசன்ல லாரி வரும். வெளிய வரும்போது ஆரன் அடிச்சிட்டு வாங்க" என்றாராம். சுவரை இடிக்க ஆலையிலிருந்தே இரண்டு ஆள் அனுப்பினார்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அப்பாவை ஐந்தாறு தடவை உள்ளே வரவும் வெளியே போகவும் சொன்னேன். கட்டையில் சக்கரம் சரியாக நிற்கிறது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வயது குறையவில்லை. காலையிலும் மாலையிலும் அவர் முகத்தைப் பார்க்க வீட்டில் யாரும் கிடையாது. இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். "பத்து மாசந்தானே? சுவரை மறுபடி கட்டிட மாட்டேன், போ" என்றார்.

தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த மறுப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கெடுவுக்குள் சம்மதம் எழுதிவிட்டேன். ஜனவரி நான்காம் தேதி சென்னையிலிருந்து விமானம்.

உன் பெங்களூர்க்காரர் வந்தார். வண்டியை நாலா பக்கமும் சுற்றிவந்தார், மண்டியிட்டு அடியில் பார்த்தார், நசுங்கலைத் தடவிக்கூடப் பார்த்தார். அப்பா காபி கொடுத்தார். பிறகு ஆறடி மனிதரை மடக்கி உள்ளே உட்கார வைத்து, சந்து வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். விலை பேசும் சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்கவில்லை. உனக்கு இது ஏமாற்றமாக இருக்கும், தெரியும். நான் சேர்த்து வைத்ததில் கொஞ்சம் உன் பேரில் அனுப்புகிறேன். அதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

நீ கேட்ட கேள்வி: அம்மா ஊரில் இல்லாத நாளில் அப்பா வண்டியை எடுக்க மாட்டார். நடந்துதான் கோர்ட்டுக்குப் போவார்.

யதுகிரி

•

எடின்பரோ
18 பிப்ரவரி 1996

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு ஆசீர்வாதம்.

வேலை கிடைத்தது என்றும் விஷ்ணுப்ரியா திரும்பிவந்துவிட்டாள் என்றும் எழுதியிருந்தாய். இதை மூன்றாவது முகவரிக்கு அனுப்புகிறேன். இது நிலைக்கட்டும்.

இங்கே குளிர் அதிகம். அம்மாவின் சால்வையில் அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை. நம் மலையின் செடிகள் காகிதத்தில் ஒட்டப்பட்டு, பறித்த இடத்தின் பெயரோடு இருக்கின்றன. நம் மலையடிவாரத்து மாமண்டூர் என்ற பெயரை இங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் சத்தமாக வாசித்தபோது எனக்குச் சட்டென்று புரியவில்லை.

அப்பா வாரம் தவறாமல் எழுதுகிறார். மாத்திரை, ரத்த அழுத்தம், மின்சாரம் நின்ற நேரம் எல்லாம் இருக்கும். போன கடிதத்தில் ஒரு வரி: "ரங்கையா விதித்த நிபந்தனைப்படி, லாரிகளை முன்னிட்டு, சந்தில் போகும்போது ஹார்ன் அடித்தே போகிறேன்."

நேற்று ஏகாம்பரத்திடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அவன் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், அதனால் தெலுங்கில் எழுதியிருக்கிறான். சாமி தினம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சந்தில் ஹார்ன் அடிக்கிறாராம். வண்டியை எடுக்காத நாளிலும் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்து அடித்துவிட்டு வருகிறாராம். ஒரு நாள் காலை சத்தம் கேட்கவில்லை என்று இவன் ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "இன்னும் அடிக்கலையே, எதுக்கு வந்தே?" என்று கோபித்துக்கொண்டாராம்.

அப்பாவின் வரியை நான் திருத்தப் போவதில்லை. நீயும் எதுவும் கேட்டு எழுதாதே. சித்தூரில் மாமரங்கள் இப்போதுதான் பூத்திருக்கும். ஆலைக்கு லாரி வர மே மாதம் ஆகும்.

உங்கள் இருவருக்கும் ஆசீர்வாதம்.

யதுகிரி